மாறும் மதிப்பு, மாறாத பெயர்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, அதனையொட்டி வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

கணினி நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் சில பாடங்களை எளிதாகக் கடந்துவிடுவர். தங்கள் பெயரைத் திரையில் தோன்றச் செய்வர்; இரண்டு எண்களைக் கூட்டும்படி கணினிக்குக் கட்டளையிடுவர்; விடை வந்ததும் மகிழ்வர். அடுத்த பாடத்தில் அவர்கள் பின்வரும் வரியைச் சந்திப்பர்.

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1

இந்த ஒரு வரி பலரைத் திகைக்க வைக்கிறது. கணிதத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவரும் இதைக் கண்டு தயங்குவது உண்டு. ஓர் எண் எப்படித் தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணுக்குச் சமமாக இருக்க முடியும்? விளங்காததை மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றால், அங்கே குழப்பம் இரட்டிப்பாகும். “நிரலாக்கம் எனக்கு வராது” என்ற முடிவுக்குச் சிலர் வருவது இப்படித்தான். உண்மையில் அவர்களுக்குக் குறைவாக இருப்பது அறிவன்று. ‘மாறி’ என்ற ஒரு சொல்லின் பொருள் மட்டுமே அவர்களுக்குத் தெளிவாகவில்லை.

ஒரே குறி, இரண்டு பொருள்

கணித வகுப்பில் அ + 3 = 10 என்ற சமன்பாடு கொடுக்கப்பட்டால், ‘அ’ என்பது மறைந்திருக்கும் ஓர் எண். அதைக் கண்டுபிடிப்பதே மாணவரின் வேலை. விடை 7. அந்தக் கணக்கு முடியும்வரை ‘அ’வின் மதிப்பு 7 ஆகவே இருக்கும். சமக்குறியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. இரண்டும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். இந்தப் பொருளில் அ = அ + 1 என்று எழுதினால் அது பிழை. இருபுறமும் ‘அ’வை நீக்கினால் 0 = 1 என்று வந்துவிடும்.

நிரலில் அதே குறி வேறு வேலையைச் செய்கிறது. அது சமம் என்று அறிவிப்பதில்லை. ஒரு கட்டளையை இடுகிறது. “வலப்பக்கத்தில் உள்ளதை முதலில் கணக்கிடு, கிடைத்த மதிப்பை இடப்பக்கத்தில் உள்ள பெயருக்குக் கொடு” என்பதே அந்தக் கட்டளை. எண்ணிக்கையின் மதிப்பு இப்போது 4 என்று கொள்வோருக்கு அந்த வரி தெளிவாக விளங்கும். கணினி முதலில் வலப்பக்கத்தைப் பார்க்கிறது. 4 + 1 என்பது 5. பிறகு அந்த 5 ‘எண்ணிக்கை’ என்ற பெயருக்கு உரியதாகிறது. பழைய 4 மறைந்துவிடுகிறது. ஆகவே, வரியின் வலப்பக்கத்தில் உள்ள ‘எண்ணிக்கை’ பழைய மதிப்பைக் குறிக்கிறது. இடப்பக்கத்தில் உள்ளது புதிய மதிப்பைப் பெறப்போகிறது. இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய அளவேனும் காலம் கடந்திருக்கிறது. கணிதச் சமன்பாட்டில் இல்லாத அந்தக் காலம்தான் நிரலில் புதிதாக வந்து சேர்ந்தது.

குழப்பத்திற்குக் குறியின் வரலாறும் ஒரு காரணம். இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாகப் பயன்படுத்தியவர் வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் ராபர்ட் ரெக்கார்ட். 1557ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவர் அதை அறிமுகப்படுத்தினார். இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்பது அவர் கருத்து. சரியாக 400 ஆண்டுகள் கழித்து, 1957இல் வெளிவந்த ‘ஃபோர்டிரான்’ என்ற நிரல்மொழி அதே குறியை மதிப்பளிக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த ‘பாஸ்கல்’ போன்ற மொழிகள், குழப்பம் வேண்டாம் என்று, சமக்குறிக்கு முன் முக்காற்புள்ளியைச் சேர்த்து := என்று எழுதின. எனினும், இன்று பள்ளிகளில் பரவலாகக் கற்பிக்கப்படும் ‘பைத்தான்’ ஒற்றைச் சமக்குறியையே பயன்படுத்துகிறது. இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்க வேண்டுமானால், அதில் == என்று இரட்டைக் குறி இட வேண்டும்.

பயண அட்டை கற்றுத் தரும் பாடம்

பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் பயணம் செய்யும் மாணவருக்கு மாறி என்பது புதிய செய்தியன்று. முன்கூட்டியே பணம் நிரப்பப்பட்ட பயண அட்டையில் 12 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பயணத்திற்கு 1 வெள்ளி 50 காசு கழிக்கப்படுகிறது. மீதி 10 வெள்ளி 50 காசு. மறுநாள் மீண்டும் அதே பயணம். மீதி 9 வெள்ளி. பிறகு தாயார் 20 வெள்ளி நிரப்புகிறார். மீதி 29 வெள்ளி.

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் ஒன்று மாறவே இல்லை. அதுதான் ‘மீதி’ என்ற பெயர். கணக்கை நடத்தும் கணினி, ஒவ்வொரு பயணத்தின்போதும் ஏறத்தாழ இப்படி ஒரு வரியைத்தான் செயல்படுத்த வேண்டியிருக்கும்.

மீதி = மீதி – கட்டணம்

‘மீதி’ மாறி, ‘கட்டணம்’ மற்றொரு மாறி. பயணத் தூரத்திற்கு ஏற்பக் கட்டணம் மாறும். ஆனால், அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டிய தேவை இல்லை. எத்தனை இலட்சம் பயணிகள் வந்தாலும், எவ்வளவு தூரம் சென்றாலும் அதே ஒரு வரி போதும். மாறியின் உண்மையான ஆற்றல் இதுவே. 12 – 1.50 என்று எண்களை எழுதினால் அந்த நிரல் ஒரே ஒருவரின் ஒரே ஒரு பயணத்திற்குத்தான் பயன்படும். பெயர்களைக் கொண்டு எழுதினால் அது அனைவருக்கும் பயன்படும்.

மதிப்பு மாறக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு நிமிடத்தில் 60 வினாடிகள். ஒரு வாரத்தில் 7 நாள்கள். இத்தகைய மதிப்புகளுக்கு இடப்படும் பெயரை ‘மாறிலி’ என்பர். எது மாறும், எது மாறாது என்று தொடக்கத்திலேயே பிரித்தறிவது நல்ல நிரலாளரின் பழக்கம்.

லவ்லேஸ் வரைந்த அட்டவணை

மாறியின் மதிப்பு காலப்போக்கில் மாறுகிறது என்பதை முதலில் தாளில் எழுதிக் காட்டியவர்களுள் ஒருவர் அடா லவ்லேஸ். அவர் காலத்தில் மின்கணினி இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் பேபேஜ், பற்சக்கரங்களால் இயங்கும் ‘பகுப்பாய்வு இயந்திரம்’ ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். அதில் எண்களை வைத்திருப்பதற்காகச் சக்கரங்கள் அடுக்கப்பட்ட தூண்கள் இருந்தன. ஒவ்வொரு தூணிலும் ஓர் எண்ணை வைக்கலாம். தேவைப்படும்போது அதை மாற்றலாம். அந்தத் தூண்களுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘மாறி’ என்பது.

இத்தாலியப் பொறியாளர் லூய்ஜி மெனப்ரியா இந்த இயந்திரத்தைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1843இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்புடன் தம்முடைய விரிவான குறிப்புகளையும் சேர்த்தார். அக்குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட நீளமானவை. அவற்றின் இறுதியில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. ‘பெர்னூலி எண்கள்’ எனப்படும் ஒருவகை எண்களை இயந்திரம் படிப்படியாகக் கணக்கிடும் முறையை அது காட்டுகிறது.

அந்த அட்டவணையில் ஒரு பத்தி, ஒவ்வொரு படியிலும் எந்த மாறியின் மதிப்பு மாறியது என்பதைச் சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒரே தூணில் முதலில் இருந்த மதிப்பையும் பிறகு வந்த மதிப்பையும் பிரித்துக் காட்ட, மாறியின் பெயருக்கு இடப்புறம் மேலே 1, 2, 3 என்று சிறிய எண்கள் இடப்பட்டன. ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என்ற வரியைக் கண்டு இன்றைய மாணவர் கேட்கும் கேள்விக்கு, ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சிறிய எண்கள் விடை கூறிவிட்டன. இரண்டாம் எண்ணிக்கை என்பது முதலாம் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டியது. இப்படிப் படித்தால் முரண்பாடு எதுவும் இல்லை. பேபேஜின் இயந்திரம் முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை. எனினும், அந்த அட்டவணை வழியாக லவ்லேஸின் சிந்தனை நிலைத்து நிற்கிறது.

பெட்டியா, பெயர்ச்சீட்டா?

மாறியை விளக்கும் ஆசிரியர்கள் அதைப் பெட்டிக்கு ஒப்பிடுவது வழக்கம். பெட்டியின்மேல் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே மதிப்பு இருக்கிறது. தொடக்கத்தில் இந்த ஒப்பீடு உதவும். ஆனால், எந்த ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு.

முதலாவதாக, பெட்டியில் பல பொருள்களைப் போடலாம். ஓர் எண்ணுக்கான மாறியிலோ ஒரு நேரத்தில் ஒரு மதிப்பே இருக்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். இரண்டாவதாக, ஒரு பெட்டியிலிருந்து பொருளை எடுத்து இன்னொன்றில் வைத்தால் முதல் பெட்டி காலியாகும். மாறியில் அவ்வாறு நடப்பதில்லை. ‘அ = ஆ’ என்ற கட்டளை ‘ஆ’வில் உள்ள மதிப்பை ‘அ’வுக்கும் உரியதாக்குகிறது. ‘ஆ’வின் மதிப்பு அப்படியே இருக்கிறது. இது ஒரு குவளையில் உள்ள நீரை மற்றொன்றில் ஊற்றுவதைப் போன்றதன்று. ஒரு தாளை நகல் எடுப்பதைப் போன்றது.

இந்த வேறுபாட்டை அறியாதவர் இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றும்போது தவறு செய்வர். ‘அ’வில் 5, ‘ஆ’வில் 9 உள்ளன. முதலில் அ = ஆ, அடுத்து ஆ = அ என்று எழுதினால் என்ன ஆகும்? முதல் வரியிலேயே ‘அ’வின் மதிப்பு 9 ஆகிவிடும். 5 தொலைந்துவிட்டது. இரண்டாம் வரி அந்த 9ஐயே மீண்டும் ‘ஆ’வுக்குக் கொடுக்கும். இரண்டிலும் 9 இருக்கும். சரியான வழிக்கு மூன்றாவது மாறி ஒன்று தேவை.

தற்காலிகம் = அ
அ = ஆ
ஆ = தற்காலிகம்

ஒரு குவளையில் மைலோவும் இன்னொரு குவளையில் தேநீரும் இருந்து, அவற்றை மாற்றி ஊற்ற வேண்டுமானால் மூன்றாவது குவளை ஒன்று வேண்டும் அல்லவா? அதைப் போன்றதே இது.

நிரல்மொழிக்கு ஏற்பவும் ஒப்பீடு மாறுபடும். ‘சி’ போன்ற மொழிகளில் மாறி என்பது கணினியின் நினைவகத்தில் ஒதுக்கப்பட்ட ஓர் இடம். அங்கே பெட்டி என்ற ஒப்பீடு ஓரளவு பொருந்தும். பைத்தானிலோ மாறி என்பது மதிப்பின்மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டைப் போன்றது. புதிய மதிப்பைக் கொடுக்கும்போது அந்தச் சீட்டு அங்கிருந்து எடுக்கப்பட்டு வேறொன்றின்மேல் ஒட்டப்படுகிறது.

தொடக்க மதிப்பும் வரிகளின் வரிசையும்

மாறிக்குத் தொடக்க மதிப்பு தேவை. ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என்று எழுதுவதற்கு முன் எண்ணிக்கை எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் பைத்தான் அந்தப் பெயரைத் தனக்குத் தெரியாது என்று அறிவித்து நின்றுவிடும். அந்தத் தொடக்க மதிப்பை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். ஐந்து பள்ளி நாள்களில் ஒரு மாணவி சேமித்த பணத்தைக் கூட்டும் நிரல் இதோ.

மொத்தம் = 0
ஐந்து நாள்களுக்கும் பின்வருவனவற்றைச் செய்க:
    தொகை = அன்றைய சேமிப்பு
    மொத்தம் = மொத்தம் + தொகை
மொத்தத்தைத் திரையில் காட்டுக

அவர் சேமித்தது முறையே 2, 1, 3, 0, 2 வெள்ளி. நிரல் சரியாக இயங்குகிறதா என்பதை அறியக் கணினி தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளின் மதிப்பை அட்டவணையில் எழுத வேண்டும்.

நாள் | தொகை | மொத்தம்
தொடக்கம் | – | 0
திங்கள் | 2 | 2
செவ்வாய் | 1 | 3
புதன் | 3 | 6
வியாழன் | 0 | 6
வெள்ளி | 2 | 8

விடை 8 வெள்ளி. இப்போது ‘மொத்தம் = 0’ என்ற வரியைச் சுற்றுக்குள் வைத்துவிட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு நாளும் மொத்தம் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். இறுதியில் திரையில் 2 என்று மட்டுமே தோன்றும். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. ஏனெனில், அதன் பார்வையில் தவறு எதுவும் இல்லை, சொன்னதைச் செய்தது. இத்தகைய பிழையைக் கண்டறியத் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மதிப்புகளை ஒவ்வொரு வரியாகத் தடமறிய வேண்டும். லவ்லேஸின் அட்டவணையும் இந்த மாணவியின் அட்டவணையும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

எண்ணா, எழுத்தா?

மாறியில் இருக்கும் மதிப்புக்கு வகை உண்டு. முழு எண், பதின்ம எண், எழுத்துச் சரம், உண்மை அல்லது பொய் ஆகியவை அடிப்படை வகைகள். மனிதருக்கு 4 என்ற குறி எங்கே இருந்தாலும் நான்குதான். கணினிக்கோ எண்ணாகிய 4 வேறு. எழுத்தாகிய ‘4’ வேறு.

உணவங்காடி நிலையத்தில் வாங்கும் உணவின் விலையைக் கூட்டும் நிரலை ஒரு மாணவர் பைத்தானில் எழுதுகிறார் என்று கொள்ளலாம். கோழிச் சோறு 4 வெள்ளி. பானம் 2 வெள்ளி. இரண்டையும் விசைப்பலகையில் தட்டுகிறார். திரையில் 42 என்று தோன்றுகிறது! விசைப்பலகை வழியாக வரும் எதையும் பைத்தான் எழுத்துச் சரமாகவே பெற்றுக்கொள்கிறது. எழுத்துச் சரங்களுக்கு இடையே + குறி இட்டால் கூட்டல் நடைபெறாது. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்படும். ‘4’ உடன் ‘2’ ஒட்டினால் ‘42’. முதலில் அவற்றை எண்களாக மாற்றியிருந்தால் விடை 6 ஆகியிருக்கும். ஆகவே, மாறியைப் பயன்படுத்துபவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் இப்போது என்ன இருக்கிறது? அது எந்த வகையைச் சேர்ந்தது?

சிறிய இடத்தில் பெரிய எண்

பல மொழிகளில் மாறிக்கு அளவும் உண்டு. 16 பிட் இடம் ஒதுக்கப்பட்ட முழு எண் மாறியில், குறை எண்களையும் சேர்த்தால், –32,768 முதல் 32,767 வரையிலான மதிப்புகளையே வைக்கலாம். அதைவிடப் பெரிய எண்ணை அதில் வைக்க முயன்றால் விளைவு கடுமையாக இருக்கும்.

1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ‘ஏரியன் 5’ ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதில் நான்கு ஆய்வுத் துணைக்கோள்கள் இருந்தன. புறப்பட்டு ஒரு நிமிடம் முடிவதற்குள் அது திசை மாறி வானிலேயே சிதறியது. விசாரணையில் காரணம் தெரியவந்தது. ராக்கெட்டின் கிடைவேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு, 64 பிட் பதின்ம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. அந்த மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்காத அளவு பெரிதாகிவிட்டது. திசையறியும் கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்ததால் அதுவும் அவ்வாறே நின்றது.

அந்த நிரல் இதற்கு முந்திய ‘ஏரியன் 4’ ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே அது நன்றாக இயங்கியது. ஏரியன் 4இன் கிடைவேகம் அவ்வளவு விரைவாக உயரவில்லை. மதிப்பும் எல்லையைத் தாண்டவில்லை. புதிய ராக்கெட் விரைவானது. மாறியின் இடமோ பழைய அளவிலேயே இருந்தது. அதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பிழை நேர்ந்த அந்தக் கணக்கீடு, ஏரியன் 5 புறப்பட்ட பிறகு தேவையே இல்லாதது.

இதே வகைச் சிக்கல் எதிர்காலத்திலும் காத்திருக்கிறது. பல கணினிகள் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கடந்த வினாடிகளை எண்ணியே நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் மாறியில் வைத்திருக்கும் பழைய கணினிகளில், சிங்கப்பூர், மலேசிய நேரப்படி 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடிக்கு இடம் நிரம்பிவிடும். அடுத்த வினாடியில் எண்ணிக்கை குறை எண்ணாக மாறி, அவை 1901ஆம் ஆண்டைக் காட்டக்கூடும். இதைத் தவிர்க்க 64 பிட் மாறிகளுக்கு மாறும் பணி நடைபெற்று வருகிறது.

பெயர் வைப்பதும் ஒரு பொறுப்பு

மாறிக்கு எந்தப் பெயரை வைத்தாலும் கணினிக்குக் கவலையில்லை. ‘அ’ என்றாலும் ‘மீதி’ என்றாலும் அது ஒன்றுபோலவே நடத்தும். பெயர் மனிதருக்காக வைக்கப்படுகிறது. மூன்று மாதம் கழித்து நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு ‘அ = ஆ – இ’ என்ற வரி எதையும் சொல்லாது. ‘மீதி = மீதி – கட்டணம்’ என்பது தானே பேசும்.

அளவையில் ஐயம் எழக்கூடிய இடத்தில் அலகையும் பெயரில் சேர்ப்பது நல்லது. ‘தூரம்’ என்பதைவிடத் ‘தூரம்_கிலோமீட்டர்’ தெளிவானது. இந்தத் தெளிவின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1999இல் நடந்தது. செவ்வாய்க் கோளை ஆராய அமெரிக்காவின் நாசா அனுப்பிய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் விண்கலம், அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் தேதி தொலைந்துபோனது. கலத்தின் உந்துதலை ஒரு நிரல் பவுண்டு அலகில் கணக்கிட்டுக் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொண்ட மற்றொரு நிரல் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். பல மாதப் பயணத்தில் இந்த வேறுபாடு சேர்ந்துகொண்டே போய், கலம் செவ்வாய்க்கு மிக அருகில் சென்றுவிட்டது. எண் அங்கே இருந்தது; அது எதைக் குறிக்கிறது என்ற செய்திதான் கைமாறவில்லை.

தமிழ் மாணவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளாலேயே பெயர் வைக்கலாம். முழுவதும் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுவதற்காக ‘எழில்’ என்ற நிரல்மொழியும் உருவாக்கப்பட்டுள்ளது.

தொடங்குவோருக்கு

மாறியைப் புரிந்துகொள்வது என்பது அதன் இலக்கணத்தை மனனம் செய்வதன்று. நிரலின் எந்த வரியில் விரலை வைத்தாலும், “இந்த நொடியில் இந்தப் பெயருக்குரிய மதிப்பு என்ன?” என்ற கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால், அவர் மாறியைப் புரிந்துகொண்டவர். சொல்ல முடியாவிட்டால், ஒரு தாளை எடுத்து அட்டவணை போட வேண்டும். அட்டவணை போடுவது திறமைக் குறைவின் அடையாளம் அன்று. அனுபவம் மிக்க நிரலாளரும் கடினமான பிழையைத் தேடும்போது அதையே செய்கின்றனர். கணினி தன் நினைவில் உள்ள மதிப்பை ஒருபோதும் மறப்பதில்லை. அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நிரலை எழுதுபவரே.

அருஞ்சொல் விளக்கம்

மாறி – மதிப்பு மாறக்கூடியதற்கு நிரலில் இடப்படும் பெயர்
மாறிலி – மதிப்பு மாறாதது
தடமறிதல் – ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து பார்த்தல்
எழுத்துச் சரம் – எழுத்துகளின் தொடர்
கிடைவேகம் – தரைக்கு இணையான திசையில் செல்லும் வேகம்

கருத்துணர் வினாக்கள்

1. கணிதத்திலும் நிரலிலும் சமக்குறி உணர்த்தும் பொருள்களை வேறுபடுத்தி எழுதுக.
2. மாறி என்பதைப் பயண அட்டையின் எடுத்துக்காட்டு எவ்வாறு விளக்குகிறது?
3. லவ்லேஸின் அட்டவணையில் இடப்பட்ட சிறிய எண்களின் பயன் யாது?
4. மாறியைப் பெட்டிக்கு ஒப்பிடுவதில் உள்ள குறைகள் இரண்டினைக் குறிப்பிடுக.
5. ஏரியன் 4இல் நன்றாக இயங்கிய நிரல், ஏரியன் 5இல் தோல்வியடைந்தது ஏன்?
6. பின்வரும் நிரல் முடியும்போது ‘புள்ளி’, ‘பரிசு’ ஆகிய மாறிகளின் மதிப்புகள் யாவை? அட்டவணை வரைந்து விடை காண்க.

புள்ளி = 10
பரிசு = புள்ளி
புள்ளி = புள்ளி + 5
பரிசு = பரிசு + புள்ளி

7. “கணினி சொன்னதைச் செய்தது” என்ற தொடர் உணர்த்தும் கருத்தை, உமது சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டு 60 சொற்களில் எழுதுக.